புதுப் பெட்டைகளைச் சேர்ப்பதற்கு முன் பழைய கோழிகளின் முட்டைக் குறையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டுப் பின்புறத்தில் 6 பெட்டைக்கோழிகள், இரண்டரை வயது. சில வாரங்களாக முட்டை பாதியாகக் குறைந்திருக்கிறது. கிடைப்பதிலும் அடிக்கடி, கெட்டி ஓடு இல்லாமல் வெறும் சவ்வோடு விழும் தோல்முட்டை. சில நாள் முட்டையிடும் பெட்டிக்குள் ஓட்டுத் துண்டும் காய்ந்த மஞ்சள் கருவும்தான் மிச்சம். இதை ஈடுகட்ட 13 வார விடலைப் பெட்டைகள் 4 வாங்கப் போகிறீர்கள். இரவில் கோழிகள் அடைந்த பிறகு கொட்டகைக்குள் விட்டால் விடிவதற்குள் ஒன்றாகிவிடுமா, எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் போடலாமா, சேவல் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இரவில் விடுவது மட்டும் போதாது. அதுவுமில்லாமல், இப்போது இருக்கிற நிலையில் புதியவற்றைச் சேர்த்தால் முட்டை இன்னும் குறையத்தான் செய்யும். கூட்டத்துக்குள் அந்நியக் கோழி வந்தால் பழைய கோழிகள் கலவரப்பட்டுச் சில நாள் முட்டையையே நிறுத்திவிடும். முட்டை தின்னும் பழக்கம் உள்ள கோழி கூட்டத்தில் இருந்தால் இளங்கோழிகள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். இரவில் ஏறி அடையும் கம்பில் பெரியவை இடம் தராமல் விரட்டினால் சின்னவை முட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுக்கும். இரவெல்லாம் அங்கே எச்சமிட்டால் மறுநாள் அழுக்கு முட்டையும் உடைந்த முட்டையும்தான். ஆக, நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டிருப்பது உண்மையில் ஒரே பிரச்சினை. நல்ல வேளையாக, வாங்கிவரும் கோழிகளை எப்படியும் ஒரு மாதம் தனியாக வைக்க வேண்டும். அந்த மாதத்தைப் பழைய கோழிகளைச் சீர்செய்யப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் முட்டை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோழி முட்டையிடாமல் இருப்பது ஒன்று, வேறெங்காவது ஒளித்து இடுவது இன்னொன்று, இட்டதை யாரோ தின்பது மூன்றாவது. மூன்றும் கையில் கிடைக்கும் எண்ணிக்கையில் ஒன்றுபோலத்தான் தெரியும். திறந்து விட்டு வளர்ப்பவரானால் இரண்டு மூன்று நாள் நண்பகல் தாண்டும்வரை வெளியே விடாமல் அடைத்து வையுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையிலேயே முட்டையிட்டுவிடும். அடைத்த நாட்களில் எண்ணிக்கை கூடினால் புதருக்கடியிலோ விறகுக் குவியலுக்குப் பின்னாலோ ஒரு ரகசியக் கூடு இருக்கிறது என்று பொருள். முட்டை முழுதாக, ஒரு சுவடும் இல்லாமல் காணாமல் போனால் எலி, காக்கை, பாம்பு போன்றவற்றைச் சந்தேகப்படலாம். ஓடும் ஈரமும் பெட்டியிலேயே கிடந்தால் பெரும்பாலும் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்துப் பாருங்கள். இரவில் கம்பில் அடைந்திருக்கும்போது எடுத்தால் அமைதியாக இருக்கும். பின் துவாரத்துக்கு இருபுறமும் மெல்லிய எலும்பு முனைகள் இரண்டு கைக்குத் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரல்தான் நுழைகிறது, துவாரமும் சுருங்கி உலர்ந்திருக்கிறது என்றால் இப்போதைக்கு நிறுத்திவிட்டது. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து கொழுத்திருக்கும், நிறுத்தியது வெளிறிச் சுருங்கும். எது எந்த முட்டையை இடுகிறது என்று தெரிய வேண்டுமானால் சந்தேகப்படும் கோழியின் துவாரத்தில் உணவு நிறமி ஒரு சொட்டுத் தடவி விடுங்கள். மறுநாள் முட்டை ஓட்டில் அந்தக் கோடு விழுந்திருக்கும்.

இரண்டரை வயதுக் கோழி முதல் வருடத்தைப் போல இடாது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மாதம் முட்டையே இருக்காது. இறகில் பெரும்பகுதி புரதம்தான். அதை வளர்க்கும் வேலை நடக்கும்போது முட்டைக்கு மிச்சம் இருக்காது. அந்தச் சமயத்தில் தீவனத்தில் புரதத்தைச் சற்றுக் கூட்டலாம். மற்றபடி பொறுத்திருப்பதுதான். பகல் குறுகும் காலமும் முட்டையைக் குறைக்கும். நன்றாக இட 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். விளக்குப் போடுவதானால் விடிவதற்கு முன் போட்டுச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். மாலையில் போட்டுத் திடீரென்று அணைத்தால் கம்பு தெரியாமல் கோழிகள் தரையிலேயே தங்கிவிடும். அடைக்கு உட்கார்ந்த கோழியும் முட்டையை நிறுத்தியிருக்கும். பெட்டியை விட்டு எழாமல், கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமினால் அதுதான். குஞ்சு வேண்டாமென்றால் அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டால் அடை தெளிந்துவிடும்.

இனி தோல்முட்டை. இதை விளக்க முட்டை உருவாகும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விழுந்த நேரத்திலிருந்து முட்டை வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். வெள்ளைக் கரு சுற்றிக்கொள்ள மூன்று மணி நேரம், உள்சவ்வு படிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி 20 மணி நேரமும் ஓடு கட்டுவதற்கே போகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. அந்த நேரத்தில் கோழி எதையும் தின்பதில்லை. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. இரைப்பையில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் சுண்ணாம்புத் துகள் இருந்தால் அதிலிருந்து எடுக்கும், இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுக்கும். எலும்பிலும் குறைந்தால் ஓடு மெலியும், பிறகு தோலோடு விழும்.

இதனால்தான் நைஸாக அரைத்த சுண்ணாம்புத் தூளைவிடக் கரகரப்பாக உடைத்த சிப்பி அல்லது கிளிஞ்சல் நல்லது என்கிறார்கள். தூள் சீக்கிரம் கடந்துபோய்விடும். துகள், இரைப்பையில் தீனியை அரைக்கும் பகுதியான அரைப்பையில் தங்கி இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள், தீவனத்தில் கலக்காதீர்கள். முட்டையிடும் கோழி மாலையில் அந்தக் கிண்ணத்தைத் தேடிப் போவதை நீங்களே பார்க்கலாம். முட்டை ஓட்டையே திரும்பக் கொடுப்பதானால் நன்றாகக் காயவைத்து, முட்டை என்று அடையாளமே தெரியாத அளவுக்கு நொறுக்கிக் கொடுங்கள். சிறுகற்கள் வேறு, சிப்பி வேறு என்பதையும் கவனியுங்கள். கற்கள் தானியத்தை அரைக்க உதவும், கால்சியம் தராது.

சிப்பி வைத்தும் தோல்முட்டை நிற்கவில்லையா? அப்போது கால்சியத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். வெயிலே படாமல் அடைத்து வைத்த கோழிக்கு அது குறையும். தானியத்தையும் மிச்சம் மீதியையும் அள்ளிப் போட்டால் சரிவிகிதத் தீவனத்தை அந்த அளவுக்குக் குறைத்துத் தின்னும். பிரியமாகக் கொடுக்கும் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். வெப்பமும் பெரிய காரணம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். அப்படி இரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் இரத்தத்தில் குறைந்துபோகும். சிப்பிக் கிண்ணம் நிறைந்திருந்தும் கடும் வெயில் நாட்களில் ஓடு மெலிவது இதனால்தான். நிழல், காற்று, குளிர்ந்த தண்ணீர் இவைதான் மருந்து. வயதும் ஒரு காரணம். கோழி முதிர முதிர முட்டை பெரிதாகும், ஆனால் ஓட்டுக்குப் போகும் சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடாது.

நோயால் வருவதை வேறு அறிகுறிகளை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஓடு சுருக்கம் சுருக்கமாக, வெள்ளைக் கரு தண்ணீராக ஓடி, கூட்டத்தில் தும்மலும் கேட்டால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். அது முட்டைக்குழாயைக் கெடுத்துவிட்டால் சில கோழிகள் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. நன்றாக இருக்கும் கோழிகள் திடீரென்று பழுப்பு நிறம் வெளுத்த ஓடும் தோல்முட்டையுமாக இடத் தொடங்கினால் முட்டைக் குறைவு நோயை நினைக்க வேண்டும். 1976இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட வைரஸ் நோய் அது. பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கல், அடுத்தடுத்து சாவு என்று கண்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயென்று சொல்ல முடியாத ஒன்றையும் பலர் கவனிப்பதில்லை. அது சிவப்புச் செள். பகலில் கம்பின் இடுக்கிலும் பெட்டியின் மூலையிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், கோழி பெட்டிக்குள் போகவே மறுக்கும். இரவில் டார்ச் அடித்து, கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

சில கோளாறுகளுக்குக் கவலையே வேண்டாம். கருவில் ஒரு இரத்தப் புள்ளி என்றால் சினைப்பையில் ஒரு நுண்குழாய் வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். இரட்டைக் கரு, கருவே இல்லாத கோலிகுண்டு முட்டை, ஓட்டில் மணல்போல் ஒட்டிய சுண்ணாம்பு இவையெல்லாம் எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம்.

முட்டை தின்னும் பழக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கொட்டகையில் இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: தோல்முட்டையிலிருந்துதான். எந்தக் கோழியும் நல்ல முட்டையை உடைத்துத் தின்பது என்று திட்டமிட்டுத் தொடங்குவதில்லை. ஒரு மெல்லிய முட்டை காலடியில் தானாக உடையும், கோழி கொத்திப் பார்க்கும், ருசி பிடிபடும். அதன்பின் கெட்டியான முட்டையையும் குத்திப் பார்க்கத் தொடங்கும். அதனால் ஓட்டைச் சரிசெய்யாமல் தின்னும் பழக்கத்தை மட்டும் நிறுத்தப் பார்ப்பது வீண் வேலை. பெட்டி குறைவாக இருப்பதும் உடைவதற்குக் காரணமாகும். 4 அல்லது 5 கோழிக்கு ஒரு பெட்டி போதும் என்றாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் முட்டிமோதும். ஆகவே உங்கள் 10 கோழிக்கு 3 பெட்டி வையுங்கள். ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகல உயரத்தில், முன்னால் ஒரு துணித்திரை தொங்கவிட்டு உள்ளே இருட்டாக இருக்கட்டும். வைக்கோல் கனமாகப் போடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, முட்டையிட்டதும் வெளியே வந்துவிடும்.

காலையில் இரண்டு மூன்று முறை முட்டை எடுங்கள். பீங்கான் முட்டையோ கோல்ஃப் பந்தோ இரண்டு போட்டு வைத்தால் கொத்திக் கொத்தி அலுத்துப் பழக்கத்தை விடும் கோழிகள் உண்டு. முட்டைக்குள் கடுகு, மிளகாய் அடைத்து வைக்கும் வைத்தியம் எங்கும் பேசப்படுகிறது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைப்பதே இல்லை, அதனால் அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க முற்பகலில் அலகையும் முக இறகையும் பாருங்கள். காய்ந்த மஞ்சள் ஒட்டியிருக்கும். அதைத் தனியே பிரித்து வைத்தால் மற்றவை கெடாது. இதற்கெல்லாம் மசியாத கோழிக்கு, அடிப்பலகை சற்றே சரிந்து முட்டை பின்னால் உருண்டு மூடிய தட்டுக்குள் போய்விடும் பெட்டிதான் வழி. பலகை வேலை கொஞ்சம் தெரிந்தால் நீங்களே செய்துவிடலாம். செய்து வைத்துவிட்டால் புதுக்கோழிகளும் அந்தப் பழக்கத்தைக் கற்க வாய்ப்பே இல்லாமல் போகும்.

முட்டை அடைத்துக்கொள்வது அவசரமான விஷயம் என்பதால் அதையும் இங்கேயே சொல்கிறேன். கோழி நிமிர்ந்து நின்று, வாலைத் தாழ்த்தி, முக்கிக்கொண்டு, தீனி எடுக்காமல் இருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் வயிறு வரை மூழ்கும்படி 20, 30 நிமிடம் உட்காரவையுங்கள். துவாரத்தில் எண்ணெயோ வாசலினோ தடவி இருட்டான, கதகதப்பான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கடினம். சில மணி நேரத்தில் வரவில்லை என்றால் மருத்துவர்தான்.

இப்போது விடலைகள். வாங்கும் இடத்தில் என்னென்ன தடுப்பூசி போட்டார்கள் என்று கேளுங்கள். குறிப்பாக, கோழியை முடக்கிப்போடும் வைரஸ் நோயான மாரெக் நோய்க்கு முட்டையிலோ, குஞ்சு பொரித்த முதல் நாளிலோ போட்டிருக்க வேண்டும். பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை. கொண்டுவந்ததும் 30 நாள், பழைய கொட்டகையின் காற்று படாத தொலைவில் தனியே வையுங்கள். தட்டு, வாளி, செருப்பு எல்லாம் தனி. பழைய கோழிகளை முதலில் கவனித்துவிட்டுப் புதியவற்றிடம் கடைசியாகப் போங்கள். அந்த நாட்களில் கண்ணில் நுரை, தும்மல், முகவீக்கம், எச்சத்தில் இரத்தம், துவாரத்தைச் சுற்றி இறகடியில் பேன் முட்டை, காலில் செதில் தூக்கிக்கொண்டிருப்பது இவற்றைத் தேடுங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் கோழியும் மூச்சு நோயைத் தரும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவை வாழ்நாள் முழுவதும் சுமந்துகொண்டிருக்கக்கூடும். இது இரண்டு பக்கமும் உண்டு, உங்கள் பழைய கோழிகளே சுமந்துகொண்டிருக்கலாம். அதனால் கடைசி வாரத்தில் பழைய கூட்டத்திலிருந்து சாதுவான ஒரு கோழியைக் கொண்டுபோய்ப் புதியவற்றுடன் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஏதாவது தொற்றுவதாக இருந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் போகாமல் அங்கேயே தெரிந்துவிடும். கூடவே, திரும்ப வரும்போது புதியவற்றுக்கு அறிமுகமான ஒரு முகமும் கூட்டத்தில் இருக்கும்.

ஒரு மாதம் முடிந்ததும் நேரே கலந்துவிடாமல் நடுவில் கம்பிவலை போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், கேட்கலாம், கொத்த முடியாது. இது ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் நடக்கட்டும். தீவனத் தட்டுகளை வலையின் இருபக்கமும் அருகருகே வைத்தால் சேர்ந்து தின்னும் பழக்கம் வந்துவிடும். ஆரம்பத்தில் வலையை ஒட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். அந்த வீறாப்பு அடங்கி, வலைக்கு அருகிலேயே சாவகாசமாக மண்குளிக்கத் தொடங்கும் நாள்தான் வலையை எடுக்கும் நாள்.

கோழிகளின் கொத்து வரிசையை நார்வே விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே 1920களின் தொடக்கத்தில் விவரித்து எழுதினார். யார் யாரைக் கொத்தலாம், யார் கொத்தினால் யார் விலக வேண்டும் என்பது கூட்டத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் தீர்மானமாகியிருக்கும். அதனால்தான் பழைய கூட்டத்தில் சண்டையே காண்பதில்லை. நான்கு புதுக்கோழி வந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் அதைப் புதிதாகத் தீர்க்க வேண்டும். ஆகவே கொஞ்சம் கொத்தல் நடக்கத்தான் செய்யும், தடுக்கக்கூடாது. தலையில் ஒரு கொத்து, சில அடி துரத்தல், கொஞ்சம் இறகு பிடுங்கல் எல்லாம் சாதாரணம். இரத்தம் வந்தால்தான் குறுக்கிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும். காயம்பட்டதை உடனே எடுத்து, கழுவி, மருந்து போட்டு, ஆறும்வரை வலைக்கு மறுபக்கம் வையுங்கள். கண்ணுக்கெட்டாமல் தூரத்தில் வைத்தால் மீண்டும் அந்நியமாகிவிடும்.

சேர்க்கும் நாளில் இடம்தான் முக்கியம். நீங்கள் சொன்ன இரவு வழியும் இங்கே பயன்படும், ஆனால் வலைக்காலம் முடிந்த பிறகு. நான் பகலைத்தான் விரும்புவேன். பெரியவற்றை வெளியே மேயவிட்டு, இளசுகள் கொட்டகையைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்து, பிறகு திறந்த வெளியில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, தரையில் தானியத்தைப் பரவலாகத் தூவுங்கள். வாய்க்கு வேலை இருந்தால் சண்டை குறையும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில், ஒரே கோழி நின்று எல்லாவற்றையும் காவல் காக்க முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். சாய்த்து வைத்த பலகை, தலைகீழான கூடை, மரக்கிளை இவற்றைப் போட்டு மறைவிடம் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் நுழைய ஒன்று, தப்ப ஒன்று என இரண்டு வழி வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்ட கோழிதான் மோசமாக அடிபடும். ஒற்றைக் கோழியை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நீங்கள் நான்கு வாங்குவது நல்லதாயிற்று, அடி பகிர்ந்துபோகும். கொட்டகைக்குள் கோழிக்கு 0.4 சதுர மீட்டர், வெளி ஓடுதளத்தில் 1 சதுர மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. இந்த வாரங்களில் அதற்கு மேலும் இருந்தால் நிம்மதி.

மாலையில் அடையும் நேரத்தில் கட்டாயம் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் அமைதியாக இருந்துவிட்டுக் கம்பில் ஏறும்போதுதான் பெரிய ரகளை நடக்கும். கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. நீளம் கணக்கிட்டு, இரண்டு தனிக் கம்புகள் ஒரே உயரத்தில் போடுங்கள். முட்டைப்பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் உயரமான இடத்தில்தான் கோழி அடையும். இடம் கிடைக்காமல் பெட்டிக்குள் நுழையும் விடலைகளை இருட்டிய பின் எடுத்துக் கம்பில் உட்காரவையுங்கள். அவை முட்டையிடத் தொடங்கும்வரை மாலையில் பெட்டி வாயை அட்டையால் மூடி, அதிகாலையில் திறந்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதை விட்டால் முட்டைக்காக நீங்கள் செய்த மற்றதெல்லாம் பாழ்.

தீவனத்தில் கண்டிப்பாக இருங்கள். முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும். அதிகமாகச் சேரும் கால்சியம் வாரக்கணக்கில் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூட்டத்தில் யார் எதைத் தின்கிறார்கள் என்று காவல் காக்க முடியாது. ஆகவே கலந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் புரதம் 16 சதவீதம் உள்ள, வளரும் கோழிக்கான குரோவர் தீவனம் போட்டு, சிப்பியைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதுதான் ஒரே வழி. முட்டையிடும் பெரியவை தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், இளசுகள் ஓரிரு துகள் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். விடலைகள் முதல் முட்டை இட்ட பிறகு அனைவரையும் லேயர் தீவனத்துக்கு மாற்றலாம். புதிய மண்ணில் இறங்கிய இரண்டு மூன்று வாரத்துக்கு எச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் தரையில் உள்ள, குடலைத் தாக்கும் காக்சிடியா கிருமி அவற்றுக்குப் பழகியிருக்காது. இரத்தக் கழிச்சல் கண்டால் தாமதிக்கக்கூடாது.

ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்துகிறது என்றால் அடிபடுவதைப் பிரிக்காமல் அடிப்பதைப் பிரியுங்கள். கண்ணில் படாத இடத்தில் சில நாள் வைத்துவிட்டு மீண்டும் விட்டால், இடைப்பட்ட காலத்தில் வரிசை மாறியிருக்கும். திரும்பி வரும்போது அதுதான் புதுக்கோழி. பெரும்பாலான கூட்டங்கள் மூன்று முதல் ஆறு வாரத்தில் அடங்கிவிடும். விடலைகளின் கொண்டை சிவக்கத் தொடங்கும்போது இரண்டாவது சுற்றுச் சண்டை வரலாம், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

உங்கள் கணக்குப்படி 13 வாரத்தில் வந்து, 4 வாரம் தனிமை, 2 வாரம் வலை என்றால் 19 வாரத்தில் கூட்டத்தில் சேரும். இனத்தைப் பொறுத்து 18 வாரத்திலிருந்து 26 வாரத்துக்குள் முதல் முட்டை வரும். நீங்கள் முதுகில் கை வைத்ததும் இறக்கையை விரித்துப் பதுங்கி உட்கார்ந்தால் முட்டைக்கு அதிக நாள் இல்லை. முதல் சில வாரம் முட்டை சிறியதாக இருக்கும், தோல்முட்டையும் இரட்டைக் கருவும் கலந்து வரும். பெரிய கோழி இட்டால் காரணம் தேட வேண்டிய அதே தோல்முட்டை, இந்த வயதில் முட்டைக்குழாய் இன்னும் பழகவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆனால் அதைக் கண்டவுடன் அப்புறப்படுத்துங்கள், பழைய தின்னி இன்னும் கூட்டத்தில்தான் இருக்கிறது. முட்டை வருமுன் அவசரப்பட்டு விளக்கு நேரத்தை நீட்டாதீர்கள். உடல் முதிர்வதற்குள் முட்டையைத் தூண்டினால் முட்டைக்குழாய் வெளியே தள்ளிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அப்படி ஒன்று நடந்தால் அந்தக் கோழியை அந்தக் கணமே தனியே எடுக்க வேண்டும், மற்றவை கொத்தியே கொன்றுவிடும்.

சேவலைப் பற்றிக் கேட்டீர்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு வேண்டுமானால் மட்டும்தான். நிதானமான முதிர்ந்த சேவல் இருந்தால் பெட்டைகளின் சண்டையில் குறுக்கே வந்து விலக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் இதற்காகவே ஒரு இளஞ்சேவலை இப்போது வாங்காதீர்கள். அது விடலைகளைத் துரத்தி ஏறி முதுகு இறகைப் பிய்க்கும். இருக்கிற கலவரத்துக்கு அது வேறு.